சரஸ்வதியைப் பார்த்து நின்ற திசைகாட்டி

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுத் தம்பி தொலைபேசி எடுத்தபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“அன்ரி, இந்த முறை ஓய்வெடுத்த ஆக்கள் தங்கட வேலையைப் பற்றி எழுதுகினம். வந்ததில முக்கால்வாசி இறைச்சி ஃபாக்டரி, மிச்சம் முதியோர் இல்லம். நீங்கள் ஏதோ கொம்பாஸ் திருத்தினனீங்களாம். மெய்யே?”

“மெய்தான். அதை ஆர் வாசிக்கப் போகினம்?”

“இப்ப எல்லாரும் போனைப் பார்த்துத்தானே ஓடினம். அதுதான் கேக்கிறன், அந்த வேலையில அப்பிடி என்ன இருந்தது எண்டு.”

அப்படி என்ன இருந்தது என்று கேட்டதுதான் எனக்குச் சுள்ளென்று ஏறியது. மீனை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவனுக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கடைசியில் அவன், “இதைத்தான் அன்ரி எழுதித் தாங்கோ” என்றான். கெட்டிக்காரன். ஆகவே எழுதுகிறேன். என் பிழையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் உப்பும் இல்லை, புளியும் இல்லை.

இந்த நாட்டுக்கு வந்து முதலில் ஒரு பாடசாலைச் சமையலறை, பிறகு மீன் பதனிடும் இடம், பிறகு மகள் பிறந்து வீட்டில். அவள் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் கொமூன என்கிற டேனிஷ் நகரசபை அலுவலகத்தார் என்னைப் பிரெடெரிசியாவில் படகுக் கருவிகள் திருத்தும் ஒரு பட்டறைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று மாதம் பத்தொன்பது வருடமாகிவிட்டது. பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முதலாளி ஹென்னிங், நான், ஒரு கோப்பி மெஷின். அவ்வளவுதான்.

திசைகாட்டி என்று நான் சொல்வது பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிற சின்னச் சாமான் இல்லை. பாய்ப்படகில் சுக்கானுக்கு முன்னால் பூட்டியிருக்கும் அரைத் தேங்காய் அளவான ஒரு கண்ணாடிக் கிண்ணம். உள்ளே முழுக்கத் திரவம். அந்தத் திரவத்துக்குள், பாகைகள் எழுதிய ஒரு வட்டத் தட்டு ஊசிமுனை ஒன்றின்மேல் நிற்கும். தட்டுக்கு அடியில் காந்தம். கடல் எப்படிக் குலுக்கினாலும் திரவம் தட்டைத் துள்ளவிடாமல் பிடித்துக்கொள்ளும். வெயிலில் திரவம் விரியும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்க அடியில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். சவ்வு வெடித்தால் திரவம் கசியும், காற்றுக் குமிழி வரும், தட்டு குமிழியில் முட்டித் தடுமாறும். அப்போதுதான் ஆட்கள் எங்களிடம் ஓடி வருவார்கள்.

நான் போன முதல் கிழமை ஒரு கூத்து நடந்தது. நான் எந்தத் திசைகாட்டிக்குக் கிட்டக் குனிந்தாலும் தட்டு மெல்ல என் பக்கம் திரும்பியது. ஹென்னிங் வந்து பார்த்தால் ஒழுங்காக நிற்கும். அவர் போனதும் என் பின்னாலேயே வரும். அந்த மனிதர் காலைமுழுக்க மேசைக்கு அடியில் இரும்பு தேடினார், இலாச்சிகளை எல்லாம் வெளியே இழுத்தார், தன் இடுப்புப் பட்டியைக் கூடக் கழற்றி வைத்தார். மத்தியானம் சாப்பிடும்போதுதான் எனக்கு வெளித்தது. என் தாலிக்கொடியில் ஏழெட்டுச் சட்டை ஊசி கொழுவியிருந்தேன். எங்கட பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவசரத்துக்கு உதவும் என்று அங்கேதானே கொழுவி வைப்போம். ஊசிக் கொத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு கண்ணீர் வருமட்டும் சிரித்தார். அன்றுமுதல் பட்டறை வாசலில் ஊசிகளைக் கழற்றிப் போட எனக்கென்று ஒரு கிண்ணம் இருந்தது.

ஹென்னிங் நெடுவல் மனிதர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான், மூக்கில் இல்லை. கதை குறைவு. நான் எதைச் சொன்னாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். டேனிஷில் எல்லாருக்கும் ஒரே ‘நீ’தான், என் காதில் அவர் பேச்சு எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

“இதில குமிழி இல்லை, ஹென்னிங்.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“பார்த்தனான்.”

“எந்தப் பக்கத்தால?”

“மேலால.”

“சரிச்சுப் பார்த்தனீரோ?”

சரித்தால் விளிம்புக்குள் ஒளிந்திருந்த குமிழி வெளியே வரும். ஐயோ, அந்த மனிதரில் எனக்கு வந்த எரிச்சல்! என்னை நம்பாத ஆள், நிறத்தைப் பார்த்துத்தான் இப்படிக் கேட்கிறார் என்று வீட்டில் போய்த் திட்டியும் இருக்கிறேன். ஒருநாள் பின்னறையில் அவர் தனியே நின்று வேலை செய்யும்போது, “ஓம், சரிதான். ஆனா உனக்கு எப்பிடித் தெரியும்?” என்று தனக்குத்தானே முணுமுணுத்ததைக் கேட்டேன். அன்றைக்கே என் கோபம் எல்லாம் கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும்.

எங்கள் வேலை ஒக்டோபரில் சூடு பிடிக்கும். படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைக்கிற மாதம் அது. ஆட்கள் திசைகாட்டியைக் கழற்றித் துவாயில் சுற்றிக் கொண்டுவருவார்கள். முதல் வேலை, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுவது. கண்ணாடி என்று சொன்னாலும் பெரும்பாலும் அது பிளாஸ்டிக். காரமான திரவம் பட்டால் சிலந்தி வலைபோல வெடிப்பு விழும். மென்மையான சவர்க்காரமும் பருத்தித் துணியும் மட்டும்தான். அடுத்தது ஊசிமுனையைச் சோதிப்பது. ஒரு சின்னக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தட்டைக் கொஞ்சம் இழுத்து, பிறகு காந்தத்தைத் தூர எடுக்கவேண்டும். தட்டு பழைய பாகைக்கே திரும்பி வரவேண்டும். ஒருதரம் இடப்பக்கம், ஒருதரம் வலப்பக்கம். வழியில் நின்றுவிட்டால் முனை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் முக்கியம். ஹென்னிங்கின் மேசையில் ஓர் இரும்பாணி கிடையாது. எல்லாம் மர முளையும் பித்தளையும். அதன்மேல் சரியான வடக்குக்கு ஒரு கறுப்புக் கோடு. திசைகாட்டியை அந்தக் கோட்டில் வைத்து வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு முறை திருப்பி, எத்தனை பாகை பிழைக்கிறது என்று ஒரு மஞ்சள் அட்டையில் எழுதுவோம். சின்னப் பிழை இருந்தால் கிண்ணத்தின் அடியில் சரிக்கட்டுவதற்கென்றே இரண்டு குட்டிக் காந்தங்கள் இருக்கும். பித்தளை ஸ்குரூட்ரைவரால் அவற்றை மெல்லத் திருப்புவோம். ஒக்டோபரில் உள்ளே வரும்போது ஒருமுறை, ஏப்ரலில் வெளியே போகும்போது ஒருமுறை. இரண்டு தரமும் அளக்கவேண்டும், இரண்டு தரமும் கையெழுத்து வைக்கவேண்டும்.

பிறகு மாரிகாலம் முழுக்கப் பின்னறை மரத்தட்டில் வைப்போம். நிமிர்ந்தபடி, துணி மூடி, வெயில் படாமல், ஹீட்டருக்குக் கிட்ட இல்லாமல், ஒன்றுக்கொன்று இரண்டு முழம் தள்ளி. அந்த அறைக்குள் என்ன கொண்டுபோகக் கூடாது என்று கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது: கத்தி, தொலைபேசி, ஒலிபெருக்கி, கருவிப் பெட்டி. கீழே ஹென்னிங் என் ஊசிக் கொத்தையும் படமாகக் கீறி வைத்திருந்தார், நக்கல் மனிதர்.

திரவத்திலும் கவனம் வேண்டும். சிலதில் மதுசாரம் கலந்த தண்ணீர், சிலதில் எண்ணெய் வகை. மூடியைத் திறந்து மணந்து பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஒரு மனிதர் எண்ணெய்த் திசைகாட்டிக்குள் நத்தாருக்கு மிஞ்சிய சினாப்ஸ் சாராயத்தை ஊற்றிக்கொண்டு வந்தார். உள்ளே எல்லாம் மோர்மாதிரிக் கலங்கி, எண்கள் உரிந்து மிதந்தன. “நல்ல சினாப்ஸ்தான் ஊத்தினனான்” என்று அந்த ஆள் கவலைப்பட்டார். ஹென்னிங் மணந்து பார்த்துவிட்டு, “ஓம், நல்லதுதான்” என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அங்கே நான் வேலை செய்த ஆறாவது வருடம். ஒக்டோபர் தொடக்கத்தில் கிர்ஸ்தன் என்ற அம்மா ஒருவர் வந்தார். எழுபது வயது இருக்கும், நீலக் கம்பளித் தொப்பி. முந்தி ஒரு பாடசாலையில் செயலாளராக இருந்தவர். துவாயைப் பிரித்துத் திசைகாட்டியை என் முன்னால் வைத்தார். சின்ன நாணயம் அளவில் ஒரு குமிழி.

“இது ஏரிக்கின்ர. என்ர மனுசன். வசந்தத்தில செத்துப்போனார்” என்றார். “நாப்பது வருசமா அவர் சுக்கான் பிடிச்சார், நான் கயிறு பிடிச்சன். வாற வருசம் நான் தனிய எண்டெலாவ தீவுக்குப் போகப்போறன்.”

“தனியவோ? பிள்ளைகள் விடுவினமோ?”

“அவங்கள் படகை வில் எண்டு நிக்கிறாங்கள். நான் ஒருநாள் அடுப்பை நிப்பாட்ட மறந்திட்டன். பல் டொக்டரிட்டப் பிழையான நாளில போயிட்டன். என்ர அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது, கடைசியில என்னையே அவவுக்குத் தெரியேல்லை. அதால மார்ட்டினுக்கு, மூத்தவனுக்கு, ஒரு வாக்குக் குடுத்திருக்கிறன். ஒரு கோடை பாப்பம். படகில ஒருக்காத் தடுமாறினாலும் போதும், நானே வித்துப்போடுவன்.”

இதைச் சொல்லிவிட்டுத் தொப்பியை இழுத்துச் சரிசெய்தார். எனக்கு அந்த மனுசியில் ஒரு பாசம் விழுந்துவிட்டது.

ஹென்னிங் சொன்னார், “இதை முழுக்க நீரே செய்யும். கையெழுத்தும் நீரே வையும்.” அதுவரை அட்டையில் அவர் கையெழுத்துத்தான் விழும். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

திரவத்தை வடித்தேன். வெடித்த சவ்வைக் கழற்றிப் புதுசு போட்டேன். திரவத்தையும் கிண்ணத்தையும் ஒரு நாள் முழுக்க ஒரே சூட்டில் வைத்தேன். குளிரில் விளிம்புமட்டும் நிரப்பினால் கோடை வெயிலில் விரிந்து புதுச் சவ்வும் வெடித்துவிடும். மூடித் துவாரம் மேலே வரக் கிண்ணத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஊசிக்குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கடைசிக் குமிழி ஒரு கடுகளவு. அது விளிம்பில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பால் குடித்த பிள்ளைக்கு ஏவறை எடுக்கிறதுபோலக் கிண்ணத்தைத் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். நான்கு திசையிலும் அளந்தேன். பூச்சியம், பூச்சியம், பூச்சியம், பூச்சியம். என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் நவராத்திரியின் கடைசி மூன்று நாள், சரஸ்வதி பூசை, தொடங்கியது. மகள் கொப்பிகளை வைப்பாள். இவர், என் கணவர், தன் வாகன லைசென்ஸை வைப்பார். நான் வழக்கமாக என் பித்தளை ஸ்குரூட்ரைவரை வைப்பேன். அந்த வருடம் ஸ்குரூட்ரைவர் போதவில்லை. நான் தனியச் செய்த முதல் திசைகாட்டி அம்மாளுக்கு முன்னால் இருக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஹென்னிங்கிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்கு என் டேனிஷ் காணாது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். துணியில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

மேற்குச் சுவரோடு மேசை. அதன்மேல் நிலம் முட்டத் தொங்கும் என் கூறைச்சேலை. சுவரில் சரஸ்வதி படம், கீழே கும்பம், அவல், கடலை, கொப்பிகள். நடுவில் திசைகாட்டியை வைத்தேன். சந்தனப் பொட்டை அடியிலுள்ள பித்தளை வளையத்தில்தான் வைத்தேன். பிளாஸ்டிக்கில் வைக்கக் கூடாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. தட்டு இரண்டு தரம் ஆடி, மெல்லத் திரும்பி, வடக்கு எழுத்து நேரே அம்மாளின் படத்தைப் பார்த்தபடி நின்றது.

“இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ!” என்று கத்தினேன். இவர் வந்து பார்த்துக் கும்பிட்டார். மூன்று நாளும் வந்த சனம் எல்லாருக்கும் காட்டினேன். “பாருங்கோ, அம்மாளைப் பார்த்துக்கொண்டு நிக்குது.” ஒரு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

படம் இருந்தது மேற்குச் சுவரில். எங்கள் வீட்டில் வடக்கு, சமையலறை யன்னல் பக்கம். ஆறு வருடமாக வடக்கைத் தேடுகிறதே தொழிலாக இருந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஹீட்டர் இரும்பு இழுக்குதாக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது, அதையும் நானே அமத்திப்போட்டேன். எனக்குச் சந்தோசம் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை பொட்டைத் துடைத்துவிட்டுப் பின்னறைத் தட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

ஏப்ரலில் ஹென்னிங்குக்கு முழங்கால் ஒப்பரேசன். பட்டறையில் நான் மட்டும். படகுகளை இறக்குகிற கிழமை, வாசலில் எந்நேரமும் ஐந்தாறு பேர். கிர்ஸ்தன் வந்தார், அதே நீலத் தொப்பி. துணியை எடுத்தேன். குமிழி இல்லை. காந்தத்தால் இழுத்து விட்டேன், தட்டு வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. நான்கு திசையும் அளக்கக் கால்மணித்தியாலம் வேண்டும். நானே செய்த சாமான், ஒக்டோபரில் நானே அளந்த சாமான். ஏப்ரல் வரியிலும் நான்கு பூச்சியத்தை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். “நல்லபடியாப் போட்டு வாங்கோ” என்று வாழ்த்தும் சொன்னேன்.

மே மாதம் ஒருநாள் படகுத் துறைக்கு ஒரு சாமான் கொடுக்கப் போனேன். கிர்ஸ்தனின் படகு கட்டியிருந்தது. பக்கக் கம்பியில் ஒரு பலகை: விற்பனைக்கு. அவர் உள்ளே இருந்து போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“ஒண்டும் நடக்கேல்லை. நான்தான் தடுமாறிட்டன்.” அவர் நிமிரவில்லை. “ஏரிக் எல்லாத்தையும் கொப்பியில எழுதி வைச்சவர். துறைமுக அணை முனையில இருந்து பச்சை மிதவைக்கு நாப்பது பாகை. நல்ல வெளிச்சம், மிதவை எனக்கு நேர முன்னால தெரியுது. கொம்பாஸைப் பார்த்தா ஐம்பத்தெட்டு. திரும்பி வந்து இன்னொருக்காப் போய்ப் பார்த்தன். அதே ஐம்பத்தெட்டு.”

“போனில வழி காட்டுற மேப் இருக்குமே?”

“அது நாப்பது எண்டுதான் காட்டினது. ஆனா உங்கட அட்டையில கொம்பாஸ் சரி எண்டு கிடக்கு. அப்ப நான் போனைப் பிழையாப் பிடிச்சிருப்பன், பிழையான மிதவையைப் பார்த்திருப்பன், எழுத்தைப் பிழையா வாசிச்சிருப்பன். அம்மாவும் இப்பிடித்தான், கண்ணுக்கு முன்னால இருக்கிறதைப் பிழையாச் சொல்லுவா. நான் திரும்பி வந்து மார்ட்டினுக்கு போன் எடுத்தன். அவன் திட்டேல்லை. பரவாயில்லை அம்மா எண்டான். அது இன்னும் மோசம்.”

அந்த அம்மா தன் கண்ணை நம்பவில்லை, தொலைபேசியை நம்பவில்லை, என் கையெழுத்தை நம்பினார். ஒருக்காத் திரும்பவும் சோதிக்கவேணும் என்று மட்டும் சொல்லி, திசைகாட்டியைக் கழற்றி, அதன் அட்டையோடு வாங்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன்.

ஹென்னிங் அன்றுதான் ஊன்றுகோலோடு திரும்பி வந்திருந்தார். நான் கோட்டில் வைத்து நான்கு திசையும் அளந்தேன். பிறகு இன்னொரு தரம் அளந்தேன்.

“வடக்கில பதினெட்டுப் பாகை பிழை” என்றேன்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“ரெண்டு தரம் அளந்தனான்.”

“ஏப்ரலில என்ன காட்டினது?”

“தெரியாது.”

அவர் மஞ்சள் அட்டையை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிப் படித்தார். நான்கு பூச்சியம், என் கையெழுத்து. அட்டையை மெல்ல மேசையில் வைத்தார்.

“தெரிய முந்தி எழுதிப்போட்டீர்” என்றார். அவ்வளவுதான். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தாலும் எனக்கு அப்படி வலித்திருக்காது. கிர்ஸ்தன் சொன்னதை எல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கோப்பி ஊற்றி என் பக்கம் தள்ளினார். “அடியில இருக்கிற ரெண்டு சின்னக் காந்தமும் கெட்டுப்போச்சு. எதோ பெரிய காந்தத்துக்குக் கிட்ட கிடந்திருக்கு. எங்க கிடந்தது?”

நான் கோப்பியைக் குடிக்கத் தொடங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோனது அவருக்குத் தெரியாதே.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் பூசை மேசை இருந்த இடத்தில் நின்று முழித்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் தூரத்தில். அதற்கு இவ்வளவு பலமும் இல்லை. மகள் அபிராமி என்ன தேடுகிறாய் என்று டேனிஷில் கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு டேனிஷிலேயே சொன்னாள், “அப்பா பாட்டுப் போட்ட ஸ்பீக்கர் மேசைக்குக் கீழதானே இருந்தது, அம்மா.”

“எந்த ஸ்பீக்கர்?”

இவர் சங்கத்து விழாக்களுக்குக் கொண்டுபோகிற பெரிய ஸ்பீக்கர். ஒரு கதிரை அளவு. பக்திப் பாட்டுப் போடுவதற்கு அதைக் கொண்டுவந்து, பார்க்க வடிவில்லை என்று சேலைக்குப் பின்னால், சுவரோடு, சரஸ்வதிக்கு நேர் கீழே தள்ளி வைத்திருக்கிறார். மூன்று நாளும் அந்தத் திசைகாட்டி பார்த்தது அம்மாளை இல்லை, இவருடைய ஸ்பீக்கரை. நான் கண்டறியாத அதிசயம் என்று ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

“இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று அவரில் பாய்ந்தேன்.

“நீர் கொம்பாஸை வைப்பீர் எண்டு நான் கனவே கண்டன்?” என்றார் இவர். நியாயம்தான். பிறகு குரலைத் தணித்து, “இஞ்சாரும், உதை ஒருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதையும். காந்தத்தை மாத்திப்போட்டுக் குடும். சாமான் சரியாப் போச்செண்டால் ஆர் கேக்கப்போகினம்? கேக்காமல் வீட்டை கொண்டுவந்தனீர் எண்டு தெரிஞ்சால் வேலை போயிடும்” என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. சாமானைச் சரியாக்கிக் கொடுக்கலாம். ஆனால் கிர்ஸ்தன்? தன் தலை பழுது என்று நம்பிக்கொண்டு படகை விற்றுவிட்டு, இனி அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் பயந்துகொண்டு இருக்கப்போகிறாரே. அதற்கு நான் என்ன காந்தத்தை மாற்றுவேன்?

அடுத்தநாள் காலை ஹென்னிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, சேலை, ஸ்பீக்கர் எல்லாம். அவர் கொஞ்ச நேரம் கதவிலிருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் கேக்கேல்லை?”

“உங்களுக்கு விளங்காது எண்டு நினைச்சன்.”

“நான் முதன்முதல் திருத்தினதை வீட்டை கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில வைச்சுப் படுத்தனான்” என்றார். “ஆனா கேட்டுப்போட்டுக் கொண்டுபோனனான்.”

பிறகு இருவருமாகப் புதுக் காந்தங்கள் பூட்டினோம். நான் அளந்தேன், அவர் அளந்தார், திரும்ப நான் அளந்தேன். “பட்டறை என்ர பேரில. அவவிட்ட நான் போய்ச் சொல்லுறன்” என்று ஊன்றுகோலை எடுத்தார். நான் விடவில்லை. கையெழுத்து என்னுடையது என்றேன். திசைகாட்டியும் அட்டையுமாக நான் புறப்பட, அவர் கதவைத் திறந்து பிடித்தார்.

கிர்ஸ்தன் படகில்தான் இருந்தார். குளிர்காற்று. நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். ஏப்ரலில் அளக்காமல் எழுதியதை முதலில் சொன்னேன். அதுதான் பெரிய பிழை. பிறகு ஏன் கெட்டுப்போனது என்பதையும் சொன்னேன். முடிந்த பிறகு அவர் கேட்டார்.

“சரஸ்வதி எண்டா ஆர்?”

“படிப்புக்கும் வேலைக்கும் உரிய தெய்வம். எங்கட கருவிகளை அவவுக்கு முன்னால வைப்பம்.”

“என்ர கொம்பாஸையும் வைச்சனீர்.”

“ஓம். நான் தனியச் செய்த முதலாவது. பெருமையில வைச்சிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “அப்ப அந்த மிதவை நான் பார்த்த இடத்திலதான் இருந்ததோ?”

“ஓம்.”

“நாப்பது பாகையில.”

“நாப்பதில.”

“இன்னொருக்காச் சொல்லும்.”

“நாப்பதில. கொம்பாஸ்தான் பிழை. நீங்கள் சரியாத்தான் பார்த்தனீங்கள். ரெண்டு தரமும் சரி.”

அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு என்ன நினைத்தாரோ, “ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நிண்டது?” என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினார், படகே ஆடியது.

சிரித்து முடிய, “எழுதித் தாரும்” என்றார். மஞ்சள் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன்: ஏப்ரலில் இந்தத் திசைகாட்டி அளக்கப்படவில்லை. பதினெட்டுப் பாகை பிழையாக இருந்தது. படகின் சொந்தக்காரர் சரியாக வாசித்தார். கீழே என் முழுப்பெயர். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மார்ட்டினுக்குத் தொலைபேசி எடுத்து, எழுத்துக்கு எழுத்து அவனுக்கும் வாசித்துக் காட்டினார். மறுபக்கத்தில் அவன் என்னவோ கேட்டான். கிர்ஸ்தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

“அம்மாவைச் சமாதானப்படுத்தவோ இதைச் சொல்லுறீங்கள்?” என்று அவன் கேட்டான்.

“இல்லை தம்பி. பிழை விட்டது நான். உங்கட அம்மாவின்ர கண்ணும் சரி, கணக்கும் சரி” என்றேன். மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கத் திரும்பினால் கிர்ஸ்தன் அங்கே இல்லை. வெளியே பக்கக் கம்பியில் குனிந்து அந்த விற்பனைப் பலகையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நானும் போய் மற்றப் பக்கத்து முடிச்சைப் பிடித்தேன். விரல்கள் விறைத்துப்போயிருந்தன, முடிச்சு அசையவே இல்லை.

“மார்ட்டின் கட்டினது” என்றார் கிர்ஸ்தன், பல்லால் கயிற்றை இழுத்தபடி. “இந்த முடிச்சை அவனுக்குப் பழக்கினது நான்தான்.”